கேட்டால்தான் துடக்கு

1

யாராவது ஒன்றைக் கேட்டால், விடை சொல்வதற்கு முன்பு மிதுஷா தன் வலக்கைப் பெருவிரலை இடக்கை மணிக்கட்டின்மேல் வைத்து அழுத்துவாள். தன் நாடியைத் தானே பார்ப்பவள் போலத் தோன்றும். பசிக்கிறதா என்று கேட்டாலும் அவ்வாறே செய்வாள். எங்கள் மாடியில் லிப்ற்றை விட்டு இறங்கியதும் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நீண்ட நடைபாதையில் காலுறையுடன் ஓசையின்றி நடந்து தன் வீட்டுக் கதவை அடைவாள். கதவைத் திறக்குமுன் சற்று நின்று, உள்ளே தொலைக்காட்சி ஓடுகிறதா என்று செவிகொடுப்பாள். இவை நான் கண்ட பழக்கங்கள். இன்னும் ஒன்றை, அவள் சீனியைக் கள்ளமாக அள்ளி உண்பவள் என்று, இக்கதையின் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அது பொய். வாசகர் அவளை விரும்பவேண்டும் என்பதற்காக நான் சேர்த்தது. நீக்கிவிட்டேன்.

மிதுஷா என்பது அவளுடைய உண்மைப் பெயர் அன்று. ஆனால் அவள் உண்மை.

இக்கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடவேண்டும். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவை அறை அது. அங்கே அவள் என்னிடம் ஒரு வாக்கியம் சொன்னாள். அது வரவேண்டிய இடத்தில் வரும், இப்போது சொல்லேன். அதைக் கேட்டபோது என் உள்ளத்தில் முதலில் எழுந்தது இரக்கம் அன்று. 'இஃது ஒரு கதை' என்னும் மகிழ்ச்சி. ஊரில் போரின் இறுதியில் மக்கள் கூட்டங்கூட்டமாக இறந்த மாதம் அது. நான் உலர்த்தியிலிருந்து தலையணை உறைகளை எடுத்து மடித்தவாறே தலைப்பைத் தேடினேன்.

அந்த மகிழ்ச்சிக்காக நாணுகிறேன். நாணிக்கொண்டு எழுதுவதனால் மட்டும் ஒரு கதை நேர்மையானது ஆகிவிடாது என்பதனையும் அறிவேன்.

2

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

"இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில், வன்னிக் கடற்கரையில் எறிகணைகள் வீழ்ந்துகொண்டிருக்கையில், ரொறன்ரோவில் ஒரு பெண் தனக்கு எந்தக் கல்லூரி—"

[நிறுத்தினேன். எறிகணைகளை முதலில் வீழ்த்திவிட்டு அவற்றுக்குப் பின்னால் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினால், அவள் தலைவாரினாலும் குற்றமாகும்.]

"மருத்துவம் பயிலவேண்டும் என்பது மிதுஷாவின் சிறுவயதுக் கனவு. அக்கனவு—"

[இவ்வாறு தொடங்கிய கட்டுரைகளை எத்தனையோ ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். மேலும், அவள் அவ்வாறு எப்போதும் சொன்னதில்லை.]

ஆதலால் நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன்.

சாமித்தம்பி பாடசாலைப் பேருந்து ஓட்டுபவர். அவர் மனைவி புஸ்பராணி முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் பகுதியில் வேலை செய்பவர். இருவரும் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். மிதுஷா அவர்களுக்கு ஒரே பிள்ளை, இங்கே பிறந்தவள். பட்டப்படிப்பை முடித்தபின் ஒன்ராறியோவிலுள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கு இருமுறை விண்ணப்பித்தாள். இருமுறையும் இடம் கிடைக்கவில்லை. பின்னர் அமெரிக்காவிலுள்ள ஒஸ்ரியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு கல்லூரிகள் அவளை ஏற்றுக்கொண்டன.

ஒன்று எல்லைப் பாலத்துக்கு அப்பால். காலையில் காரில் புறப்பட்டால் மதியச் சோற்றுக்குப் போய்ச் சேரலாம். அங்கே வகுப்புகள் ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பம். மற்றொன்று தெற்கே, நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள மலைநாட்டில். அங்கே ஓகஸ்ற்றில் தொடங்குவார்கள். வீட்டில் முன்னதைக் 'கிட்டத்தது' என்றும் பின்னதைத் 'தூரத்தது' என்றும் சொன்னார்கள். நானும் அவ்வாறே சொல்லப்போகிறேன். மே மாதம் முடிவதற்குள் இரண்டில் ஒன்றுக்கு அவள் ஓம் என்று அறிவிக்கவேண்டும்.

கதை இவ்வளவே. ஓர் இளம்பெண் கிட்டத்ததற்குப் போவதா, தூரத்ததற்குப் போவதா? மற்றோர் ஆண்டாயின் இஃது ஒரு கதையே அன்று.

3

மே மாதத்து முதற் சனிக்கிழமை புஸ்பராணி என்னை அழைத்தார். மகள் படிக்கப்போவது இன்னதென்று தமக்கும் கணவருக்கும் நல்ல தமிழில் விளக்கவேண்டும் என்றார். நான் தமிழ் கற்பித்தவள், மருத்துவம் அறியேன். ஆயினும் ஆசிரியர்களுக்கு 'தெரியாது' என்று சொல்லும் வழக்கம் இல்லை. மிதுஷாவிடமே முதல்நாள் கேட்டுக் குறித்துக்கொண்டு சென்றேன்.

அங்கே ஸ்ரீஸ்கந்தராசாவும் இருந்தார். சாமித்தம்பியின் நெடுநாள் நண்பர், யாழ்ப்பாணத்தவர், ஸ்ரௌவ்வில்லில் அண்மையில் வீடு வாங்கியவர். அந்நாள்களில் தம்முடைய வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, யூனிவேர்சிற்றி அவனியூவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன் போரை நிறுத்தக் கோரி நின்ற கூட்டத்துக்குக் கொண்டுசென்று, மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். யாரிடமும் அதற்கு ஒரு சதமும் வாங்கமாட்டார். இதனை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனெனில் அடுத்து அவர் பேசப்போவதைக் கேட்டு நீங்கள் அவரை வெறுத்துவிடக் கூடாது.

ஒஸ்ரியோபதி முழுமையான மருத்துவப் படிப்பே என்றேன். அறுவைச் சிகிச்சையும் செய்யலாம், மருந்தும் எழுதலாம். அதற்கு மேலாக, எலும்பையும் தசையையும் கைகளால் தொட்டு நோயை அறியும் பயிற்சியும் உண்டு என்றேன். இறுதிப் பகுதியைச் சொல்லாது விட்டிருக்கலாம்.

ஸ்ரீஸ்கந்தராசா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ரீச்சர், உது எங்கட ஊர் முறிவு நெரிவுப் பரியாரியின்ர வேலையெல்லோ. நோவெண்ணெய் பூசி, மட்டை வைச்சுக் கட்டுறது. உதுக்கேன் பிள்ளை அமெரிக்காவுக்குப் போகவேணும்?"

சாமித்தம்பி சிரித்தார். நண்பர் சொன்னதற்குச் சிரிக்காதிருக்க அவருக்குத் தெரியாது. அறைவாயிலில் நின்ற மிதுஷா மணிக்கட்டை அழுத்திக்கொண்டு, "அங்கிள், தே ஆர் ரியல் டொக்டர்ஸ்," என்றாள்.

"ஓம் பிள்ளை, நான் இல்லையெண்டே சொன்னன்? என்ர முழங்காலுக்கும் ஒரு ஆள் தேவைதான்."

மறுபடியும் சிரிப்பு. புஸ்பராணி மட்டும் சிரிக்கவில்லை. "ரீச்சர் செல்லிட்டாதானே அண்ணை, டொக்டர்தான் எண்டு," என்று, சொல்வதைச் 'செல்வது' என்னும் மட்டக்களப்புப் பேச்சில் சொல்லி, வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று முதல் அவ்வீட்டில் ஒஸ்ரியோபதி என்னும் முதற்சொல்லை விட்டுவிட்டார்கள். மகள் டொக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று மட்டும் சொன்னார்கள். தொலைபேசியில், கடையில், கோயிலில், எங்கும் அவ்வாறே. மிதுஷாவும் திருத்தவில்லை. பொய் அன்று, ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்கள் ஒன்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடிப்பது போல இருந்தது.

4

இனிப் பேரின்பராசாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல அஞ்சுகிறேன். அவர் வந்ததும் கதை அவருடையதாகிவிடும்.*

[* அவரை நான் கண்டதில்லை. ஒரு நிழற்படம் பார்த்தேன். திறந்து கிடக்கும் டிராக்டர் இயந்திரத்தின் அருகே, கைகளைத் துடைத்தவாறு, யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இதற்கு மேல் அவரை வருணிக்க எனக்கு உரிமை இல்லை.]

அவர் சாமித்தம்பியின் ஒரே தம்பி. போர் நடந்த வன்னியில், புதுக்குடியிருப்பில் வாகனம் திருத்தும் கடை வைத்திருந்தார், மனைவி முன்னரே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தை மாதத்துக்குப் பிறகு அவருடைய குரல் வரவில்லை.

மரணத் தீட்டினை நாங்கள் துடக்கு என்போம். உடன்பிறந்தான் இறந்தால் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்நாள்களில் சாமி விளக்கு ஏற்றமாட்டார்கள், கோயிலுக்குப் போகமாட்டார்கள், நற்காரியம் எதனையும் தொடங்கமாட்டார்கள். தொலைவில் இறந்தவராயின், இறந்த நாளிலிருந்து அன்று, செய்தி காதில் விழுந்த நாளிலிருந்தே அது கணக்கு. கேட்டால்தான் துடக்கு. கேளாதவரைக்கும் வீடு சுத்தம்.

சாமித்தம்பி தம் காதுகளைக் காக்கத் தொடங்கினார்.

தொலைபேசி மணி அடித்தால் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர்க்காரர் எவராவது முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அணுகினால், அவருக்கு முந்திக்கொண்டு பனிக்காலம் நீண்டுவிட்டதைப் பற்றிப் பேசினார். யூனிவேர்சிற்றி அவனியூவில் ஒலிபெருக்கிக்கு அருகிலேயே எப்போதும் நின்றார். கூட்டத்தார் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்த அன்றும் அவ்வாறே நின்றார். அவருடைய பற்றின் மிகுதி அஃது என்றே எல்லோரும் எண்ணினார்கள். அவ்விடத்தில் நின்றால் எவரும் எதனையும் காதில் சொல்லமுடியாது என்பதை மிதுஷா மட்டும் கண்டுபிடித்தாள்.

போர் முடிந்தது என்று அறிவித்த வாரத்தில் ஒருநாள் லிப்ற்றில் அவரைச் சந்தித்தேன். கழுத்து ஒருபுறம் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பையும் சேர்த்துத் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். மகள் எதனைத் தெரிந்தெடுத்தாள் என்று கேட்டேன்.

"கிட்டத்ததுக்குத்தான் ரீச்சர். ஜூன் மாசம் போறா. துடக்கு வீட்டுல இருந்து ஆரும் படிக்கப் புறப்படுவாங்களா? அவள் போனாளெண்டா என்ட தம்பி இரிக்கான். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, மாடி எண்கள் ஒளிர்ந்து அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கிட்டத்தது இனி ஒரு கல்லூரி அன்று. தன் சித்தப்பன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவள் ஜூன் மாதத்தில் எழுந்து புறப்பட்டுக் காட்டவேண்டிய சான்று.

5

மிதுஷாவோ தூரத்ததையே விரும்பினாள்.

இவ்விடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் உண்டாகிறது. அவளுக்கு நல்ல காரணங்கள் கொடுக்க முயன்றேன். சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்கு மருத்துவர் இல்லாத ஊர் அது. ஏழைகளுக்குத் தொண்டாற்றவேண்டும் என்ற எண்ணத்தினாலே அவள் அங்கு—

[பொய். அழித்தேன். அங்கே ஏழைகள் இருந்தமை மெய். அவள் அவர்களுக்காகப் போக விரும்பவில்லை.]

அவள் எனக்குச் சொன்னது இது. பங்குனி மாதத்தில் நேர்முகத் தேர்வுக்காக அங்கே பஸ்ஸில் போனாள். தேர்வு முடிந்தபின் பயிற்சிக் கூடத்தைக் காட்டினார்கள். பேராசிரியை ஒருவர், மூச்சுவிட அல்லற்படும் ஒரு கிழவரைப் படுக்கவைத்து, அவருடைய விலா எலும்புகளின்மேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். மாணவர்களும் பேசாமல் நின்றார்கள். கிழவர் மெல்ல மெல்ல ஆழமாக மூச்சுவிட்டார், பிறகு உறங்கிவிட்டார். ஒருவர் அவளையும் அழைத்து, கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தாள்.

"ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல, ரீச்சர். உங்கட நாட்டில என்ன நடக்குது, உங்கட ஆக்கள் தப்பிட்டினமா, நீ ஏன் நேற்று ஊர்வலத்துக்கு வரேல்ல... நோபடி. இற் வாஸ் ஸோ குவயற்."

அன்றிரவு அவ்வூரில் நன்றாக உறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் தகப்பனார் தொலைக்காட்சியை நிறுத்தி நிறுத்தி, முகாம்களின் படங்களில் முகம் தேடிக்கொண்டிருந்தார். தான் உறங்கியது நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பு கூசியது. ஆயினும் அந்த அமைதி வேண்டும் என்ற விருப்பம் குறையவில்லை. நாணம் விருப்பத்தைக் குறைக்கும் என்று நான் மாணவர்களுக்குப் போதித்து வந்திருக்கிறேன். அவ்வாறு குறைக்கக் கண்டதில்லை.

இவ்வளவையும் தகப்பனாரிடம் எவ்வாறு சொல்வது? கிட்டத்தது வேண்டாம் என்றால் ஜூன் வேண்டாம் என்று பொருள். ஜூன் வேண்டாம் என்றால், அவருடைய கணக்கில், தம்பி இல்லை என்று பொருள்.

6

சாமி அறை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. சமையலறை அலுமாரியின் மேல்தட்டில் படங்களும் ஒரு பித்தளை விளக்கும் இருக்கும். புஸ்பராணி வேலைக்குப் புறப்படுமுன் அதை ஏற்றிவிட்டுப் போவார். போர் முடிந்த வாரத்தின் ஈற்றில் சில நாள்களாக அது ஏற்றப்படவில்லை. சாமித்தம்பி கவனிக்கவில்லை. மிதுஷா கவனித்துக் கேட்டபோது, திரி முடிந்துவிட்டது என்றார் தாயார்.

மறுநாள் மிளகாய்த்தூள் தேடி அலுமாரியைத் திறந்த மிதுஷா, திரிப் பெட்டியைக் கண்டாள். நிறைய இருந்தது.

இதன்பின் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். இங்கே என் கை குறைவு. அவள் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தாயார் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், வெட்டுவதை நிறுத்தவில்லை.

"மட்டக்களப்பால சசிகரன் போன் எடுத்தவன்," என்றார். சசிகரன் புஸ்பராணியின் தமையன் மகன். "கடலேரிக் கரையில சித்தப்பா விழுந்து கிடந்தத ஆரோ கண்டதாம். கண்டவன நான் காணல்ல. அவனும் காணல்ல. அவனுக்கு ஆரோ செல்லியிரிக்காங்க."

"அப்பாக்கு?"

"அப்பாக்குச் செல்லாத. கேட்டாத்தான் துடக்கு. கேட்டது நான் மட்டுந்தானே, நான் காக்கிறன். நீ ஒண்டும் கேக்கல்ல, வெளங்கிச்சா? ஜூன்ல நீ கிட்டத்ததுக்குப் போ மகள். அதுக்குத்தான் நான் ஒருத்தி இரிக்கன்."

"அம்மா, நான் இப்ப கேட்டிட்டனே."

புஸ்பராணி கண்ணைப் புறங்கையால் துடைத்தார். வெங்காயம் என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ண விரும்புகிறேன்.

"நீ இஞ்ச பிறந்த பிள்ள. ஒனக்குத் துடக்கு என்னெண்டு தெரியா. தெரியாட்டிக் காது கேட்டாலும் பறவாயில்ல."

அப்படி ஒரு விதி எந்தச் சாத்திரத்திலும் இல்லை. ஒரு தாய் வெங்காயம் வெட்டிக்கொண்டு அந்நேரமே ஆக்கியது. கணவனுக்குத் தம்பியையும் மகளுக்குப் படிப்பையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, துடக்கு முழுவதையும் தாம் ஒருவராகச் சுமக்க அவர் ஆயத்தமாக இருந்தார். மகள் விரும்பியது மற்றக் கல்லூரி என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

7

அன்று மாலையே சலவை அறையில் மிதுஷாவைக் கண்டேன். இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவைப் பார்த்தவாறே மேலே எழுதிய யாவற்றையும் சொன்னாள். பிறகு, நான் கேளாமலே, அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"அம்மா அதைச் சொன்ன உடன எனக்கு முதல் வந்த நினைப்பு என்ன தெரியுமா ரீச்சர்? அப்ப நான் ஜூன்ல போகத் தேவையில்ல. சித்தப்பா செத்தது உறுதியெண்டா நல்லம்."

விம்மி அழுவாள் என்று எண்ணி என் கைக்குட்டையை எடுத்தேன். அவள் அழவில்லை. அந்தக் கைக்குட்டையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு இருந்த வழியை நீங்கள் அறிந்துகொண்டிருப்பீர்கள். தகப்பனாரிடம் போய், கடலேரிக் கரையில் யாரோ கண்டதாம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் கேட்டுவிடுவார். வீட்டில் துடக்கு வந்துவிடும். ஜூன் தானாகவே கைநழுவிப் போகும். தூரத்ததையன்றி வேறு வழி இல்லாமற் போகும். அவள் விரும்பிப் போனாள் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். பாவம், இழவு வீட்டுப் பிள்ளை, நல்ல இடத்தை விட்டுக்கொடுத்தாள் என்பார்கள். எல்லாப் பழியையும் சித்தப்பா ஏற்றுக்கொள்வார். இறந்தவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

இனி என் நிலை. இக்கதைக்கும் அவர் இறந்தால் வசதி.

இதனை எழுத விரும்பவில்லை. எனினும் எழுதாமல் விட்டால் மிதுஷாவை மட்டும் நாணச்செய்துவிட்டு நான் ஒதுங்கி நிற்பவள் ஆவேன். அவள் ஒரு கணம் எண்ணினாள், எண்ணியதும் திடுக்கிட்டாள். நானோ பல நாள் மேசையில் அமர்ந்து, பேரின்பராசாவைப் பல முறை கொன்றேன். முதலில் எழுதிய முடிவில், முகாமிலிருந்து வந்த ஒருவர் அவருடைய மரணத்தை உறுதிப்படுத்துகிறார். சாமித்தம்பி பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, எல்லாம் முன்னரே தெரியும் என்கிறார். அழகான முடிவு. படித்துப் பார்த்து எனக்கே கண்ணீர் வந்தது. மற்றொன்றில் அவர் உயிருடன் தொலைபேசியில் பேசுகிறார். மகளை அனுப்புங்கள் அண்ணே என்கிறார். அதில் கொலை இல்லை; ஆனால் ஒரு பெண்ணின் மனக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காக ஒரு மனிதனை உயிரோடு வைத்திருப்பதும், சாகடிப்பதும் ஒரே வகைப்பட்ட—

[இவ்வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவு இல்லை.]

எழுதட்டுமா என்று பின்னொரு நாள் மிதுஷாவிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றுவேன் என்றும் சொன்னேன். அவள் மணிக்கட்டை நெடுநேரம் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"எழுதுங்கோ. என்னைப் பற்றி என்னவும் எழுதுங்கோ. சித்தப்பாவை மட்டும் ஒண்டும் செய்யாதேங்கோ."

8

ஆகவே ஒன்றும் செய்யேன். அவர் அந்த நிழற்படத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டு நிற்கட்டும். சசிகரன் சொன்னது மெய்யா, யாரோ ஒருவர் மற்றோர் ஆளைக் கண்டு மயங்கினாரா என்பதனை இதனை வாசிக்கும் நீங்கள் உங்களுக்கு இயன்றபடி கொள்ளலாம். ஆனால் ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: உங்களுக்கு எது வசதி என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். நானும் அவளும் பார்த்தோம். அதன் சுவை எங்களுக்குத் தெரியும்.

மிதுஷாவின் முடிவை மறைக்கமாட்டேன். அது நடந்தது.

மே மாதத்தின் ஈற்று ஞாயிறு, பிற்பகல். ஊர்வலங்கள் ஓய்ந்துவிட்டன. ஸ்ரீஸ்கந்தராசாவின் வான் வரவில்லை. சாமித்தம்பி தொலைக்காட்சிக்கு முன் நாற்காலியில் இருந்தார். பிடித்த கழுத்து இன்னும் விடவில்லை. (கழுத்தும் சொற்களும் மிதுஷா சொன்னவை. நாற்காலியை நான் போட்டேன். அவர் தரையிலும் இருந்திருக்கலாம்.) புஸ்பராணி சமையலறையில் இருந்தார். அலுமாரியின் மேல்தட்டு இருண்டிருந்தது.

மகள் தகப்பனின் பின்னால் வந்து நின்றாள். பெரிய பிள்ளையான பிறகு அவரை அவள் தொட்டதில்லை. அவ்வீட்டில் அது வழக்கம் இல்லை. கழுத்தைப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அந்தப் பேராசிரியை செய்ததுபோல இரு கைகளையும் விரித்து வைத்து, ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

"இதுதானா அந்தப் படிப்பு?" என்றார் சற்று நேரத்துக்குப் பின்.

"இதுவும் இருக்கு."

"நோவெண்ணெய் இல்லையா?"

"இல்ல அப்பா."

அவர் சிரித்திருக்கவேண்டும்; தோள்கள் அசைந்தன என்றாள். பின்னர் தொலைக்காட்சியின் ஒலியைத் தாமே குறைத்தார். அந்த மாதத்தில் அவர் ஒரு சத்தத்தைக் குறைத்தது அதுவே முதன்முறை.

"அப்பா, நான் ஜூன்ல போகேல்ல."

கழுத்துத் தசை அவள் கைகளின் கீழ்க் கல்லாக இறுகியது. அவர் திரும்ப முயலவில்லை. திரும்பவும் இயலாது.

"ஏன்? ஆரும் ஏதும் சென்னவங்களா?"

அவர் கேட்டுவிட்டார். அத்தனை நாள் காத்த காதைத் தாமே திறந்து மகளிடம் நீட்டிவிட்டார். சமையலறையில் குழாய்நீர் ஓசை நின்றது. ஒரு வாக்கியம் போதும். அதுவும் முற்றிலும் பொய் என்று சொல்லமுடியாத வாக்கியம். விடை சொல்லுமுன் மிதுஷா மணிக்கட்டைத் தேடியிருப்பாள். ஆனால் கைகள் அங்கே இல்லை. அவளுடைய பெருவிரலின் கீழ் ஓடியது தகப்பனாரின் நாடி.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. துடக்கு ஒண்டும் இல்ல அப்பா. எனக்கு அங்கதான் விருப்பம். நான் தூரத்ததுக்குப் போறன்."